அறுபதும் பதினாறும்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எனக்கு நான் வேலை பார்த்த தையல் கடையிலிருந்து போன் வருவது நிற்கவில்லை. வெல்வெட் சுருங்குகிறது, கழுத்து எழும்புகிறது, கனகாக்கா ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்பார்கள். அரியாங்குப்பத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் டவுன். வீட்டில் நான் வெட்டி முறிக்கும் வேலையும் ஒன்றுமில்லை. போன மாதம் கூப்பிட்டது மட்டும் வேறு விஷயத்துக்கு. கடைக்குப் புதிதாக ஒரு ஆப் வாங்கியிருக்கிறார்கள். வந்தவரை நிற்க வைத்து போனில் படம் எடுத்தால், அவர் உடம்பு ஆப்பிளா பேரிக்காயா என்று அது சொல்லிவிடுமாம். புதிதாகச் சேர்ந்த நிவேதாவும் ஸ்டெல்லாவும் என்னை நிற்க வைத்து எடுத்தார்கள். ஆப்பிள் என்று வந்தது.

"இந்த வயசுல என்னை ஆப்பிள்னு சொன்னது இது ஒண்ணுதான்டி. பத்திரமா வெச்சுக்கங்க," என்றேன்.

ஆப் மேல் எனக்குக் கோபமில்லை. நாங்கள் கண்ணால் செய்ததைத்தான் அது செய்கிறது. சங்கடம் அதற்குப் பிறகு வந்தது. ஒரு பெண் கணவனோடும் மாமியாரோடும் வந்தாள். ஸ்டெல்லா அளவு நாடாவைச் சுற்றிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த நிவேதாவிடம், "ஹிப்பு நாப்பத்தாறு," என்று உரக்கச் சொன்னாள். கணவன் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். மாமியாரும் சிரித்தாள். அந்தப் பெண் நிறம் பார்க்க எடுத்த துணியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள். அளவைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் என்றேன். நிவேதா சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"ஏன்க்கா? வெறும் நம்பர்தானே?"

எனக்கு அப்போது பதில் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது வந்தது. அது நீளமாக இருந்ததால் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் நான் அந்தக் கடையில் சேர்ந்தேன். மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. நடத்தியவர் செலின். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். செலின் பிரான்சில் துணி வெட்டும் வேலை படித்துத் திரும்பியவர். கடைக்கு வருகிறவர்களும் தெருவும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் சில வருஷம் நான் குண்டூசி பொறுக்கினேன், இஸ்திரி போட்டேன், கொக்கி தைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மதாமிடம் கற்றதைச் சொல்ல வேண்டும். அவர் எடுத்தவுடனே நாடாவைக் கையில் எடுக்கமாட்டார். வந்தவரைக் கண்ணாடி வரை நடந்து திரும்பச் சொல்வார். குட்டை ஸ்டூலில் உட்காரச் சொல்வார். கையைத் தூக்கி, மேல் தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்துத் தரச் சொல்வார். அதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளையை எந்த இடுப்பில் தூக்கி வளர்த்தாளோ அந்தப் பக்கத் தோள் இறங்கியிருக்கும். ஆபரேஷன் ஆன வயிறு உட்காரும்போது தயங்கும். மார்பு பெரிதாக இருக்கிற பெண் வயசுக்கு வந்த நாளிலிருந்து கூனிக் கூனி நடந்து முதுகையே வளைத்து வைத்திருப்பாள்.

அப்படி ஒரு கணக்கு டீச்சர் வந்தார். சாக்கு மாதிரி தொளதொளவென்று ஜாக்கெட் போட்டிருந்தார். "தளத்தி வுட்டா மறையும்னு யார் சொன்னது? கண்ணு அங்கதான் போகும்," என்றார் மதாம். அக்குள் வெட்டை மேலே ஏற்றி, மார்புக்குக் கீழே ஒட்டத் தைத்து, கழுத்தை அகலமாக இறக்கினோம். பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போனது. டீச்சர் கண்ணாடி முன் நின்று தானாகவே நிமிர்ந்தார். குறையை மூடுவது எங்கள் வேலையில்லை, கண்ணை வேறு இடத்துக்குக் கூப்பிடுவதுதான் வேலை என்று மதாம் சொல்வார். இடுப்பு அகலமா, கரையைச் சின்னதாக்கு, கொசுவத்தைக் குறுக்கிப் பிடி. தோள் குறுகலா, கை தோளோடு சேரும் இடத்தில் கொஞ்சம் சுருக்கம் வை. குள்ளமா, முந்தானையை நீளமாக விடு. இதையெல்லாம் இப்போது ஆப்பும் சொல்கிறது. சொல்லட்டும்.

அடுத்தது எண்கள். என்னோடு சேர்ந்த ஒரு பெண், ஒரு கல்யாணப் பெண்ணின் அளவை அவள் வருங்கால மாமியார் எதிரில் தமிழில் கூவிவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அன்றிலிருந்து கடையில் அளவுகளைப் பிரெஞ்சில்தான் சொல்ல வேண்டும் என்று மதாம் வைத்துவிட்டார். திரைக்கு உள்ளே அவர் சென்டிமீட்டரில் எடுப்பார், பிரெஞ்சில் சொல்வார், திரைக்கு இந்தப் பக்கம் நான் எழுதுவேன். யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் புரியாது. எனக்கு அதைக் கற்றுக்கொள்வதற்குள் உயிர் போய்விட்டது. அவர்களிடம் எழுபது என்று தனியாக ஒரு சொல் கிடையாது. எழுபத்தாறை அறுபதும் பதினாறும் என்பார்கள், சுவாசாந்த் சேஸ். எண்பதை நான்கு இருபது என்பார்கள். நான் அறுபதைத் தனியாகவும் பதினாறைத் தனியாகவும் எழுதி, மதாம் கையால் குட்டு வாங்கியிருக்கிறேன். பிரெஞ்சு தெரிந்த வீட்டார் வந்தால் மட்டும் அவர் வாயே திறக்கமாட்டார். நாடாவில் விரலை வைத்து என்னிடம் காட்டுவார்.

யாருக்குப் பிரெஞ்சு தெரியும், யாருக்குத் தெரியாது என்று மதாம் ஆளைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார். அதில் ஒரே ஒரு முறை தவறினார்.

நெல்லித்தோப்பிலிருந்து லூர்தம்மாள் வந்தார். புருஷன் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம், அதற்கு கவுன் தைக்க வந்தார்கள். மாப்பிள்ளை பிரான்ஸ் குடியுரிமைக் காகிதம் உள்ள பையன், லீவில் வந்திருந்தான். ஜெசிந்தா சென்னையில் வேலை பார்த்தவள், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறவள். துறுதுறுவென்று இருப்பாள், பேசினால் கடையே சிரிக்கும். அவள் அளவு முடிந்ததும் அம்மாவைப் பிடித்துத் தள்ளினாள்.

"எங்கம்மாக்கும் ஒரு பட்டு ஜாக்கெட் தைக்கணும் மதாம். சம்மந்தியம்மா, இல்ல?"

லூர்தம்மாள் பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். "இது அளவு ஜாக்கெட். இதுக்கே தெச்சிடுங்க. என்னை அளக்க வேணாம்."

"நோன், முடியாது. நான் அளவு ஜாக்கெட் வாங்கறதில்ல," என்றார் மதாம். அது அவர் வழக்கம். அளவு ஜாக்கெட் என்பது போன வருஷத்து உடம்பு, அதற்குத் தைக்க நான் எதற்கு என்பார்.

வேறு வழியில்லாமல் லூர்தம்மாள் திரைக்குள் போனார். கைமுட்டுக்குக் கீழே வரும் பெரிய ஜாக்கெட், சுற்றிச் சுற்றிக் கட்டிய நூல் புடவை. வெளியிலிருந்து பார்த்தால் பருத்த அம்மாள் கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஜெசிந்தா என் பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஜாக்கெட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மதாம் அப்படி நேரம் எடுப்பவர் இல்லை.

"சுவாசாந்த் சேஸ்," என்றார் மதாம். மேசையில் கிடந்த அளவு ஜாக்கெட்டின் மார்பு கண்ணுக்கே தொண்ணூற்றிரண்டு தெரிந்தது. நான் எழுதாமல் திரையைப் பார்த்தேன். தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு முறை சொன்னார். "சுவாசாந்த் சேஸ்."

அப்போது லூர்தம்மாளின் குரல் பிரெஞ்சில் வந்தது. எனக்குப் புரிந்த பிரெஞ்சுதான். நிறுத்தாதீர்கள் மதாம், எவ்வளவு இளைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், என்றார். சின்ன வயசில் கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்தவராம். மார்க்கெட்டுக்குப் போய்ப் போய் எண்களெல்லாம் பாடம். அதுவரை எங்களுக்கு அது தெரியாது.

"என்னம்மா அது சுவாசாந்த் சேஸு? ரெண்டு வாட்டி சொல்றாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"துணி பேரும்மா," என்றார் லூர்தம்மாள் உள்ளே இருந்து. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். கவுன் முடியும் வரை கடைக்கு வரும்போதெல்லாம், "எங்கம்மாவுக்கு சுவாசாந்த் சேஸ் ஒரு மீட்டர் குடுங்க," என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

மறுவாரம் லூர்தம்மாள் தனியாக வந்தார். மதாம் எதிரில் உட்கார்ந்து, பால் கணக்கு சொல்வது மாதிரி சொன்னார்.

"வயித்துல கட்டி. பெரியாஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, கத்தி வெக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. பெரியவனுக்குத் தெரியும். பாப்பாக்கு சுகர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"பொண்ணுகிட்ட சொல்லணும் லூர்து," என்றார் மதாம்.

"சொன்னா அவ கல்யாணம் வேணாம்னுடுவா. கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. பையன் லீவு முடிஞ்சிதுன்னா மறுபடி எப்ப வருவானோ. நடுவுல நான் போயிட்டா துக்கம்னு ஒரு வருஷம் தள்ளிப் போடுவாங்க. அதுவரைக்கும் அந்தப் பையன் காத்திருப்பானா? பையனோட அம்மா இப்பவே என்னை ஏற எறங்கப் பாக்குது. கல்யாணம் முடியற வரைக்கும் நான் பழைய லூர்தாவே இருக்கணும் மதாம். உங்களால ஆவும்."

மதாம் வெகுநேரம் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். முடியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "வலி எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்த ஜாக்கெட்டைப் போல இன்னொன்றை நான் தைத்ததில்லை. உண்மையில் அது இரண்டு ஜாக்கெட். உள்ளே ஒன்று, மெல்லிய மல் துணியில், அவர் உடம்பின் அளவுக்கே. வெளியே ஒன்று, பட்டில், அளவு ஜாக்கெட்டின் அளவுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக மதாம் அளவு ஜாக்கெட்டைக் கையில் வாங்கினார். இரண்டுக்கும் நடுவே பஞ்சு. கடையில் விற்கிற ஸ்பாஞ்ச் வேண்டாம், அது விறைக்கும் என்றார். பருத்திப் பஞ்சை மெல்லிய பாளமாகத் தட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் தேய்ந்துகொண்டே போகும்படி கையால் தையல் ஓட்டினேன். காறை எலும்புக்குக் கீழே விழுந்திருந்த பள்ளத்துக்கு ஒன்று. மேல்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. கழுத்தை மேலே ஏற்றினோம், ஜாக்கெட் கையை முழங்கைக்குக் கீழே இறக்கினோம். பாவாடை நாடா இறுக்கினால் வயிறு தாங்காது. அகலப் பட்டை வைத்து, வலியில்லாத பக்கம் கொக்கி போட்டு, கொசுவத்தைப் பட்டையிலேயே மாட்டும்படி செய்தோம். இடுப்புப் பஞ்சைப் பாவாடையோடு தைத்தோம். அவர் ஆசையாக எடுத்திருந்தது மாம்பழ நிறப் பட்டு. முகமே மஞ்சள் பாய்ந்திருந்தது, பக்கத்தில் மஞ்சளை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். மதாம் தானே போய் அதைச் செங்கல் நிறத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.

உடுத்திப் பார்த்தபோது பார்வைக்குப் பழைய லூர்தம்மாள்தான் நின்றார். நடந்தபோது கெட்டது. உடம்பு பருமன், நடை பஞ்சு போல. மதாம் அவரை மேலும் கீழுமாக நடக்கவிட்டார். "பழைய லூர்து இப்படியா உக்காருவா? மெதுவா. முட்டியில கை வெச்சு. மூச்சு வாங்கு." லூர்தம்மாள் தன்னையே நடித்துப் பழகினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நூல்கண்டு தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மதாம் செய்ததுதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தேவைக்கு மேல் ஒரு விரல்கூட வாடிக்கையாளர் மேல் படக்கூடாது என்கிற மனுஷி, கண்ணை மூடிக்கொண்டு லூர்தம்மாளை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். அப்படியே நின்று முதுகைத் தடவினார். லூர்தம்மாள் சிலை மாதிரி நின்றார், அப்புறம் தலையை மதாம் தோளில் சாய்த்தார்.

"கல்யாண வீட்டுல எல்லாரும் கட்டிப்புடிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாட்டி மட்டும் போதாது, கைக்கும் தெரியக்கூடாது," என்ற மதாம், கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னார்: "கனகா, இடது தோள்பட்டைக்குக் கீழ எலும்பு கைக்குத் தட்டுது. இன்னும் ரெண்டு பாளம் வை."

வைத்தேன்.

ஈஸ்டர் முடிந்து வெயில் கொளுத்திய சமயத்தில் கல்யாணம் நடந்தது. நானும் மதாமும் கடைசி பெஞ்சில் இருந்தோம். அத்தனை பஞ்சுக்குள் அந்த அம்மாள் பூசை முழுக்க நின்றார், சம்மந்தியோடு போட்டோ எடுத்துக்கொண்டார், முட்டியில் கை வைத்து மெதுவாக உட்கார்ந்தார். பையனுடைய அம்மா, "சம்மந்திக்கு இப்ப ஒடம்பு தேறிடுச்சு," என்று யாரிடமோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. மதாம் என் கையை அழுத்தினார். வேலை நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அவர் அப்படித்தான் செய்வார். கோயில் வாசலில் ஜெசிந்தா அம்மாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். எல்லாப் பெண்களும் அழுவதுதான்.

விசா காகிதம் சீக்கிரம் கிடைத்து ஜெசிந்தா பிரான்சுக்குக் கிளம்பிவிட்டாள். மழைக்காலத்தில் லூர்தம்மாள் போய்விட்டார். மகளுக்கு அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை கைக்கு வரவில்லை, நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப முடியாது என்றார்களாம். அடக்கத்தை அவள் போனில்தான் பார்த்தாள். அடுத்த சில வருஷத்தில் மதாமும் போய்ச் சேர்ந்தார்.

நான் வேலையை விடும் சமயத்தில் ஒரு மத்தியானம் ஜெசிந்தா கடைக்குள் வந்தாள். சதை போட்டிருந்தாள். முன்பிருந்த துறுதுறுப்பு இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அக்கா, என்னைத் தெரிதா?"

"தெரியாம என்னம்மா? உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அங்க ஒரு ஆபீசுல உக்காந்திருந்தேன், அட்டை புதுப்பிக்கிறதுக்கு. டோக்கன் நம்பரை போர்டுல போட்டு, வாயாலயும் சொல்வாங்க. எனக்கு அப்பதான் அந்த பாஷை கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டிருந்தது. சுவாசாந்த் சேஸ்னு கூப்பிட்டாங்க. துணி பேராச்சேன்னு சிரிச்சுக்கிட்டே நிமிந்து பாத்தேன். போர்டுல எழுபத்தாறு எரியுது."

நான் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"என் பக்கத்துல உக்காந்து எழுதினீங்களேக்கா. என் காதுல விழுறாப்புலயே மதாம் சொன்னாங்க. நானும் கல்யாணம் முடியற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சேன். சொல்லியிருந்தா நான் அம்மாவை விட்டுட்டுப் போயிருப்பேனா?"

"அதுக்குத்தாம்மா சொல்ல வேணாம்னாங்க உங்கம்மா."

"அது எனக்குத் தெரியும்." பையிலிருந்து அந்தச் செங்கல் நிறப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். அண்ணன் வீட்டு பீரோவில் இருந்ததாம், தொட்டால் உள்ளே பஞ்சு தட்டுப்பட்டதாம். "இதைப் பிரிச்சுக் குடுங்க. எங்கம்மா எவ்ளோ இருந்தாங்கன்னு நான் பாக்கணும்."

நான் போட்ட தையலை நானே பிரித்தேன். வெளிப்பட்டு கழன்றது. பாளம் பாளமாகப் பஞ்சு வந்தது, வேர்வை காய்ந்து பழுப்பேறியிருந்தது. கடைசியில் அந்த மல் ஜாக்கெட். அவள் அதைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சட்டை அளவுதான் இருந்தது. "இவ்ளோதானா?" என்றாள். பிறகு பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தினாள்.

"கோயில் வாசல்ல கட்டிப்புடிச்சு அழுதனே. அப்ப நான் புடிச்சது இதைத்தானா? முதுகுலயும் வெச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதுகில் ஒற்றைத் துணிதான், உன் கை பட்டது உன் அம்மாவைத்தான் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். பாளங்கள் மேசை மேல் கிடந்தன.

"வெச்சோம்மா," என்றேன்.

"இது மட்டும் ஏன் இவ்ளோ தடியா இருக்குது?" இடது தோள்பட்டைப் பாளத்தைக் காட்டினாள். மதாம் கண்ணை மூடிக் கட்டிப்பிடித்துப் பார்த்ததைச் சொன்னேன். எலும்பு தட்டியதையும், அதனால் இரண்டு பாளம் கூட்டியதையும் சொன்னேன்.

நிவேதா, ஸ்டெல்லா, ஏன் சத்தமாகச் சொல்லக்கூடாது என்று கேட்டீர்கள். அந்த எண் அந்தப் பெண்ணுக்குச் சொந்தம், அதனால் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லாததால் லூர்தம்மாள் நினைத்தது நடந்தது. நாங்கள் செய்தது தப்பென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் திரைக்கு வெளியே, என் பக்கத்தில், லேஸைப் புரட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்ல என்னிடம் பதில் எதுவும் இல்லை.

ஜெசிந்தா அந்தத் தடிப் பாளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றாள். அழவில்லை.

"உங்க மதாம் கைக்கு எங்கம்மா தெரிஞ்சிருக்காங்க," என்றாள். "என் கைக்குத் தெரியல."

மல் ஜாக்கெட்டை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பட்டுத் துணியையும் பஞ்சையும் கேட்கவில்லை.